டி.எஸ்.எல்.ஆருக்கு மாற்றாக உயர்தரச் சிறு கேமரா: அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தை முன்வைத்து ஒரு மதிப்பீடு

உயர்தரச் சிறு கேமரா என்பது லென்ஸைக் கழற்ற முடியாத, சிறு பையில் அடங்கக்கூடிய, சாதாரணச் சிறு கேமராவைவிடப் பெரிய ஒளியுணரி கொண்ட எண்ணிமக் கேமரா. புஜிஃபில்ம் எக்ஸ்100 (2011), சோனி ஆர்எக்ஸ்100 (2012), ரிக்கோ ஜிஆர் (2013), கேனன் ஜி7 எக்ஸ் (2014) ஆகியவற்றின் வரிசைகள் இவ்வகையில் பெயர் பெற்றவை. இவை டி.எஸ்.எல்.ஆருக்கு மாற்று என்று சொல்லி விற்கப்படுகின்றன. சென்னையின் மேற்குப் புறநகரில் கோயில், கல்வெட்டு, ஏரி, தெரு ஆகியவற்றைப் படமெடுத்து ஆவணப்படுத்த விரும்பி, ஒரே ஒரு கேமரா மட்டும் வாங்கக்கூடிய மாணவருக்கு இக்கூற்று எந்த அளவு பொருந்தும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

பெயரும் அளவும்

'ஒரு அங்குல ஒளியுணரி' என்ற விளம்பரச் சொல் வாங்குபவரை ஏமாற்றக்கூடியது. அந்த ஒளியுணரியின் அளவு 13.2 × 8.8 மி.மீ.; மூலைவிட்டம் சுமார் 16 மி.மீ. மட்டுமே. ஓர் அங்குலமோ 25.4 மி.மீ. பழைய தொலைக்காட்சிக் கேமராக் குழாய்களின் வெளிவிட்டத்தைக் கொண்டு அளவிட்ட வழக்கம் இன்னும் தொடர்வதே இதற்குக் காரணம். பரப்பளவை ஒப்பிடுவதே சரி. மலிவான சிறு கேமராவின் ஒளியுணரி சுமார் 28 ச.மி.மீ.; 'ஒரு அங்குல' வகை 116 ச.மி.மீ.; கேனனின் தொடக்கநிலை டி.எஸ்.எல்.ஆர் சுமார் 332 ச.மி.மீ. ரிக்கோ ஜிஆர், எக்ஸ்100 ஆகியவை டி.எஸ்.எல்.ஆரை ஒத்த அளவுள்ள ஒளியுணரி கொண்டவை. ஆனால் அவற்றில் ஜூம் கிடையாது.

லென்ஸ் செய்யும் வேறுபாடு

ஒளியுணரியை மட்டும் பார்த்தால் டி.எஸ்.எல்.ஆர் 'ஒரு அங்குல' வகையைவிட 2.9 மடங்கு பெரியது. ஆனால் பெரும்பாலான மாணவர்கள் அதனுடன் பெட்டியில் வரும் 18-55 மி.மீ. லென்ஸையே கடைசிவரை பயன்படுத்துகிறார்கள். அதன் துளை எஃப் 3.5 முதல் எஃப் 5.6 வரை. ஆர்எக்ஸ்100-இன் மூன்றாம் பதிப்பில் (2014) துளை எஃப் 1.8 முதல் எஃப் 2.8 வரை. அகலக் கோணத்தில் எஃப் 1.8, எஃப் 3.5-ஐவிட 3.8 மடங்கு செறிவான ஒளியை விழச் செய்கிறது. ஜூமின் மறுமுனையில் இது 4 மடங்கு. ஆகவே ஒரே நொடி அளவில் எடுக்கும்போது, சிறிய ஒளியுணரி பெறும் மொத்த ஒளி டி.எஸ்.எல்.ஆர் பெறுவதைவிட 1.3 முதல் 1.4 மடங்கு வரை கூடுதலாகிறது. எஃப் 1.8 துளையுள்ள 50 மி.மீ. லென்ஸ் ஒன்றைத் தனியாக வாங்கி மாட்டினால் கணக்கு தலைகீழாகிவிடும். அப்போது டி.எஸ்.எல்.ஆர் சிறு கேமராவின் ஜூம் முனையைவிட ஏறத்தாழ 7 மடங்கு ஒளி பெறும். ஒளியைப் பொறுத்தவரை, இரண்டாவது லென்ஸ் வாங்காதவருக்கே சிறு கேமரா உண்மையான மாற்று.

கோயிலில்

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையில் உள்ள திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயில் பாடல் பெற்ற தலம். அதன் விமானம் பின்புறம் வளைந்த தூங்கானை மாட வடிவம் கொண்டது. இத்தகைய விமானத்தைத் திருச்சுற்றில் நின்று எடுக்கும்போது பின்னால் நகர இடம் குறைவு. ஐந்து மீட்டர் தூரத்தில் ஆர்எக்ஸ்100-இன் மூன்றாம் பதிப்பு 7.5 மீட்டர் அகலத்தை உள்ளடக்கும். 18-55 லென்ஸ் சுமார் 6.2 மீட்டர், ரிக்கோ ஜிஆர் சுமார் 6.4 மீட்டர்.

கோயில்களில் பல கல்வெட்டுகள் தரையை ஒட்டிய அதிட்டானத்தில் இருக்கின்றன. மடக்கித் திருப்பும் திரை உள்ள சிறு கேமராவில் குனிந்தபடியே சட்டகம் அமைக்கலாம். அசையாத திரையுள்ள தொடக்கநிலை டி.எஸ்.எல்.ஆரில் ஏறக்குறைய தரையில் படுக்க வேண்டும். எனினும் எழுத்து தெளிவாக விழுவதற்குக் கேமராவைவிட ஒளியின் திசையே முக்கியம். பக்கவாட்டிலிருந்து சாய்வாக அடிக்கும் கைவிளக்கு, கேமராவின் நேர் ஃப்ளாஷைவிடப் பயன் தரும். கருவறையைப் படமெடுக்க எந்தக் கேமராவுக்கும் அனுமதி இல்லை. பிற இடங்களில் கோயில் விதிகளைக் கேட்டறிய வேண்டும்.

ஏரிக்கரையில்

ஆவடி-பூந்தமல்லி சாலையோரத்தில் உள்ள பருத்திப்பட்டு ஏரியில் 2019-இல் பசுமைப் பூங்கா திறக்கப்பட்டது. அங்கே சிறு கேமராவின் குறை வெளிப்படையாகத் தெரியும். ஐம்பது மீட்டர் தொலைவில் நிற்கும் 60 செ.மீ. உயரக் கொக்கு, ஆர்எக்ஸ்100 மூன்றாம் பதிப்பின் முழு ஜூமிலும் படத்தின் உயரத்தில் 3.5 விழுக்காடு மட்டுமே இருக்கும். 200 மி.மீ.க்கு இணையான ஜூம் உள்ள ஏழாம் பதிப்பிலும் (2019) அது 10 விழுக்காட்டை எட்டாது. அந்தப் பதிப்பின் துளையும் சிறியது. டி.எஸ்.எல்.ஆரில் 55-250 மி.மீ. லென்ஸைப் பொருத்தினால் 20 விழுக்காடு கிடைக்கும். பறவை பார்ப்பவருக்குச் சிறு கேமரா மாற்று அன்று.

தூசியும் பழுதும்

சிறு கேமரா பற்றிய மதிப்புரைகள் பெரும்பாலும் எடையைப் புகழ்கின்றன. ஆர்எக்ஸ்100 மூன்றாம் பதிப்பு 290 கிராம். லென்ஸுடன் கூடிய தொடக்கநிலை டி.எஸ்.எல்.ஆர் ஏறத்தாழ 700 கிராம். நெரிசலான அரக்கோணம் மின்ரயிலில் இது பெரிய வேறுபாடுதான். ஆனால் நீண்டு சுருங்கும் லென்ஸ் குழாயின் இடைவெளி வழியே தூசி புகக்கூடும். லாரிகள் ஓடும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டைச் சாலைகளிலும் பூந்தமல்லி நெடுஞ்சாலையிலும் இது கவனிக்க வேண்டிய செய்தி. டி.எஸ்.எல்.ஆரில் லென்ஸைக் கழற்றி ஒளியுணரியைச் சுத்தம் செய்யலாம். சிறு கேமராவில் அதைச் செய்யக் கருவியையே பிரிக்க வேண்டும். லென்ஸ் பழுதானால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளவும் இயலாது. இத்தனைக்கும் உயர்தரச் சிறு கேமரா மலிவானது அன்று. பல வேளைகளில் தொடக்கநிலை டி.எஸ்.எல்.ஆரின் விலையையே எட்டுகிறது.

மதிப்பீடு

கோயில், கல்வெட்டு, தெரு, மாலை நேரத் திருவிழா ஆகியவற்றை எடுப்பவருக்கு, துளை அகன்ற லென்ஸும் திருப்பும் திரையும் கொண்ட 'ஒரு அங்குல' வகை போதுமானது. 18-55 லென்ஸோடு நின்றுவிடும் டி.எஸ்.எல்.ஆரைவிட மேலானதும்கூட. ஜூம் தேவைப்படாத தெருப்படக்காரருக்கு ரிக்கோ ஜிஆர் வகை பொருந்தும். பறவை, விளையாட்டு ஆகியவற்றை எடுப்பவரும் பின்னர் லென்ஸ் சேர்க்க எண்ணுபவரும் டி.எஸ்.எல்.ஆரையோ கண்ணாடியில்லாக் கேமராவையோ வாங்குவதே முறை. கடைக்குப் போகும் முன் மெகாபிக்சலை விட்டுவிட்டு ஒளியுணரியின் பரப்பு, ஜூமின் இரு முனைகளிலும் உள்ள துளை எண், திரை திரும்புமா என்பது ஆகிய மூன்றையும் குறித்துக்கொண்டால் தவறான தேர்வைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.