தேய்வதற்கென்றே ஒரு பாகம்

மிக்ஸி உறுமுகிறது, ஜாரில் பிளேடு மட்டும் அசையவில்லை என்றால் பல வீடுகளில் அடுத்த பேச்சு புது மிக்ஸி பற்றித்தான். பெரும்பாலும் மோட்டார் நன்றாகவே இருக்கும், தேய்ந்தது கப்ளர். ஜாரையும் மோட்டாரையும் இணைக்கும், பல் வைத்த இந்தச் சின்ன ரப்பர் வில்லை, ஜார் இறுகி நின்றால் மோட்டார் கருகாதபடி தான் உடைந்துகொள்ளும். பெரும்பாலான மாடல்களில் மோட்டார் சுற்றும் திசையிலேயே திருப்பினால்தான் அது கழலும். அரைக்கும் பாரத்தில் தளராமல் இறுகும்படி மரை வெட்டியிருக்கிறார்கள். பழுதை எதிர்பார்த்து வழிவிட்டு வைத்திருக்கும் அந்த அக்கறை அழகானது. கார்பன் பிரஷ்ஷும் அப்படித்தான்: தான் தேய்ந்து, உள்ளே சுழலும் செம்புப் பட்டைகளைக் காக்கிறது. இரண்டுமே எலெக்ட்ரிக்கல் கடையில் சொற்ப விலைக்குக் கிடைப்பவை.

புதியது மின்சாரத்தை மிச்சப்படுத்துமே என்பார்கள். நாள் முழுக்க ஓடும் மின்விசிறிக்கு அந்த வாதம் சரி: பழையது 75 வாட் இழுக்கும் இடத்தில் பிஎல்டிசி விசிறி 30 வாட் அளவில் ஓடுகிறது. தினம் சில நிமிடம் ஓடும் மிக்ஸிக்கு அது பொருந்தாது. ஷாக் அடிக்குமோ என்ற பயம் நியாயமானது. பிளக்கைப் பிடுங்கிய பிறகே கை வைக்க வேண்டும். காயில் எரிந்திருந்தால் காயில் கட்டுபவரிடம் கொடுப்பதே முறை. மைக்ரோவேவ் அடுப்பை மட்டும் வீட்டில் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அதன் கெப்பாசிட்டரில் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கும். மற்றபடி, அடுத்த முறை மிக்ஸி நின்றால், கடைக்குக் கிளம்புமுன் பிளக்கைக் கழற்றிக் கவிழ்த்துப் பாருங்கள். பாரம் மிஞ்சினால் வெளியே தள்ளிக்கொள்ளும் சிவப்புப் பொத்தான் பெரும்பாலும் அடியில்தான் இருக்கும். சூடு ஆறியதும் அதை அழுத்தினாலே பல மிக்ஸிகள் மறுபடி ஓடும்.