மூன்று வீடுகள்: ‘தென்னாப்பிரிக்க சத்தியாக்கிரகம்’ நூலில் யூத, கிறிஸ்தவ நட்பு

காந்தியடிகளின் ‘தென்னாப்பிரிக்க சத்தியாக்கிரகம்’ குஜராத்தியில் எழுதப்பட்டு, 1928-இல் சென்னையில் ஆங்கிலத்தில் வெளிவந்த நூலாகும். இதனைத் தலைவர் ஒருவரின் நினைவுநூலாகவே நாம் பெரிதும் படித்து வந்துள்ளோம். புலம்பெயர்ந்த தமிழ்த் தொழிலாளரின் வரலாற்று மூலமாக அணுகும்போது, சமய எல்லை கடந்த நட்பு சமூக நீதிக்கு எவ்வாறு பயன்பட்டது என்னும் வினா இந்நூலில் முதன்மை பெறுகிறது.

ஐரோப்பியரின் ஆதரவைப் பற்றி இந்நூலில் ஒரு தனி அதிகாரம் உண்டு. யூதர்களான ஹெர்மன் காலன்பாக், ஹென்றி போலக், சோன்யா ஷிலேசின் ஆகியோரும் பாப்டிஸ்ட் போதகர் ஜோசப் டோக்கும் அங்கு ஒருங்கே பேசப்படுகின்றனர். ‘ஐரோப்பியர்’ என்னும் பொதுப்பெயர் இவர்களின் சமய வேறுபாட்டைப் பின்தள்ளிவிடுகிறது. ஆனால், கிறிஸ்தவ முறைப்படி நிகழாத திருமணங்களின் சட்டத்தகுதியை 1913 மார்ச்சில் சர்ல் தீர்ப்பு கேள்விக்குள்ளாக்கிய நாடு அது. சமயமே உரிமையை அளக்கும் கோலாக இருந்த நாட்டில் யூதரும் கிறிஸ்தவரும் இந்து, முஸ்லிம் மக்களின் பக்கம் நின்றதை இனப்பெயரால் மட்டும் விளக்கிவிட இயலாது.

இந்நட்பின் இயல்பை நூலில் வரும் மூன்று வீடுகள் காட்டுகின்றன. 1908 பிப்ரவரி 10-இல் தாக்கப்பட்ட காந்தியடிகளை டோக் தம் இல்லத்தில் வைத்துப் பேணினார். 1910-இல் காலன்பாக் ஜொகானஸ்பர்க் அருகிலுள்ள தமது 1,100 ஏக்கர் நிலத்தை வாடகையின்றி வழங்கினார். டால்ஸ்டாய் பண்ணை எனப் பெயர்பெற்ற அந்நிலத்தில், சிறைசென்றோரின் குடும்பங்கள் சமய வேறுபாடின்றி வாழ்ந்தன. மூன்றாவது, நியூகாசில் நகரில் லாசரஸ் என்னும் தென்னிந்தியக் கிறிஸ்தவரின் இரண்டு மூன்று அறைகளே கொண்ட சிறுவீடு. 1913 நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தத்தின்போது அவ்வீடு சத்திரமாகவே மாறியது. இரவு பகலாகச் சமையல் நடந்ததையும், அவ்வில்லத்துத் தலைவி ஓய்வின்றி உழைத்ததையும் நூல் பதிவு செய்கிறது.

முதலிரு வீடுகளும் ஆய்வுலகில் பெரிதும் பேசப்பட்டன. மூன்றாவது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. ஜொகூர் மாநிலத்தின் குளுவாங், சிகாமட் வட்டாரத் தோட்டப்புற வாழ்வை அறிந்த வாசகர்க்கு இம்மூன்றாம் வீட்டின் பெறுமதி எளிதில் புலப்படும். தோட்டத்து லயம் நிருவாகத்தின் உடைமை. வேலை போனால் வீடும் போகும். நியூகாசில் சுரங்கத் தொழிலாளரின் நிலையும் அத்தகையதே. முதலாளிகள் அவர்களின் குடியிருப்புகளுக்கு விளக்கையும் நீரையும் நிறுத்தினர் என்று நூல் கூறுகிறது. எனவே, முதலாளிக்குச் சொந்தமல்லாத ஒரு கூரை போராட்டத்திற்கு இன்றியமையாததாயிற்று. லாசரஸ் குடும்பத்திடம் காலன்பாக்கின் செல்வம் இல்லை. இழப்பதற்கு அவ்வீடு இருந்தது.

இந்நட்பு சமயக் கொள்கைகளின் ஒப்புமை தேடி வளர்ந்ததன்று. இழப்பைப் பகிர்ந்துகொண்டதால் உறுதிப்பட்டது எனலாம். 1913 நவம்பரில் இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட தொழிலாளர் டிரான்ஸ்வால் எல்லையைக் கடந்தபோது, காந்தியடிகளோடு போலக்கும் காலன்பாக்கும் சிறை சென்றனர். மறு ஆண்டில் 3 பவுன் தலைவரி நீக்கப்பட்டது. பின்னாளில், 1938-இல், யூதர் பற்றிக் காந்தியடிகள் எழுதிய கட்டுரை யூத அறிஞரிடையே கடும் மறுப்பை எழுப்பியது. ஆயினும் 1939-இல் காலன்பாக் மீண்டும் அவரைத் தேடி வந்தார். கருத்து வேறுபாட்டையும் தாங்கிய நட்பாக இது விளங்குகிறது.

எனினும் இந்நட்பிற்கு ஓர் எல்லை இருந்தது. கறுப்பின மக்களின் நிலவுரிமையைப் பறித்த சட்டம் நிறைவேறியதும் அதே 1913-இல்தான். மூன்று வீடுகளைக் காட்டும் நூலில், நிலம் இழந்த அம்மக்கள் போராட்டத்தின் பங்காளிகளாக இடம்பெறவில்லை. இக்குறையைச் சுட்டாது சமய நல்லிணக்கத்தை மட்டும் போற்றுவது முழுமையான திறனாய்வு ஆகாது.

சமய நல்லிணக்கம் பற்றிய நம் பல்கலைக்கழக ஆய்வுகள் பெரும்பாலும் மறைநூல் ஒப்பீட்டோடு நின்றுவிடுகின்றன. யார் எவருக்குக் கதவைத் திறந்தனர், அதற்காக எதனை இழந்தனர், எவர் வெளியே விடப்பட்டனர் என்னும் வினாக்களையும் அவற்றோடு இணைத்தல் வேண்டும். ஜொகூர்த் தோட்டங்களிலும் லாசரஸ் குடும்பத்தைப் போன்ற எளிய குடும்பங்கள் இருந்திருக்கக்கூடும். லயத்து வாழ்வை நேரில் அறிந்த தலைமுறை மறைவதற்கு முன், அவர்களின் நினைவுகளைத் தொகுப்பது நம் துறைசார் ஆய்வாளரின் உடனடிக் கடமையாகும்.