விடுதலைப் பத்திரம்: பெண்கள் சங்கங்களின் பிரச்சார மொழி குறித்துச் சில குறிப்புகள்

1

நோட்டீஸ் எழுதித் தருகிறவன் நான். நாவலூர், தாழம்பூர், படூர்ப் பக்கத்துப் பெண்கள் சங்கங்களுக்கு ஒரு துண்டுப் பிரசுரமோ மனுவோ வேண்டுமென்றால் ஆள் அனுப்புவார்கள். காசு வாங்குவதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. இந்தக் குறிப்புகள் அந்தப் பெருமையின் மீது எனக்கு வந்த சந்தேகத்திலிருந்து தொடங்குகின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மதுக்கடையை எதிர்த்து நோட்டீஸ் கேட்டு வந்தார்கள். பெரும்பாலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வீட்டு வேலைக்கும் கம்பெனிகளில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்கும் போகிறவர்கள். அவர்கள் சொன்னது இது: "ராத்திரி எட்டு மணிக்கு வேல முடிஞ்சி வரோம் சார். கடை வாசல்ல வண்டிய குறுக்க வுட்டுனு நிக்கிறானுங்க. ஒரு லைட்டு கெடையாது. ஷேர் ஆட்டோ அங்கதான் எறக்கி வுடறான். லைட்டு போடச் சொல்லுங்க, ஆட்டோ நிக்கற எடத்த மாத்தச் சொல்லுங்க, கடைய எடுக்கச் சொல்லுங்க."

நான் எழுதியது: "தாய்மார்களின் தாலியைக் காப்பாற்று! குடும்பங்களைச் சீரழிக்கும் மதுக்கடையை அகற்று!" லைட்டும் ஷேர் ஆட்டோவும் கடைசிப் பத்தியில் சின்ன எழுத்தில் போயின. படித்துக் காட்டியபோது எல்லோரும் தலையாட்டினார்கள். ஓர் அக்கா மட்டும் சிரித்துக்கொண்டே கேட்டார்: "எங்க வூட்டுக்காரு செத்து ஆறு வருஷம் ஆவுது. நான் எந்தத் தாலிய காப்பாத்தச் சொல்றது தம்பி?"

மற்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நோட்டீஸ் அப்படியே அச்சுக்குப் போனது.

2

தாலி என்கிற சொல் தானாக என் பேனாவில் வந்து விழவில்லை. அதற்கு ஒரு வரலாறும் ஒரு பயனும் இருக்கின்றன. அரசு காது கொடுத்துக் கேட்கிற பெண் யார்? தாய், தாலி கட்டிய மனைவி, கண்ணீர் விடுகிறவள். வேலைக்குப் போய்விட்டு இருட்டில் நடந்து வருகிற பெண்ணை அதற்குத் தெரியாது. ஆகவே அதிகாரத்துக்குத் தெரிந்த பெண்ணாக வேடமிட்டுப் பேசுவது ஒரு தந்திரம்தான். தந்திரம் என்ற அளவில் அதை நான் குறை சொல்லவில்லை. வேடம் யார் தைத்தது, அது யாருக்குப் பொருந்தாமல் போகிறது என்பதுதான் பிரச்சினை.

1992இல் ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டத்தில், தூபகுண்டா போன்ற சிற்றூர்களில் பெண்கள் சாராயக் கடைகளை மூடிய போராட்டத்தை நாம் அறிவோம். அறிவொளிப் பாடநூலிலிருந்த ஒரு பாடம் அதற்குத் தூண்டுதலாக இருந்தது. 1993 அக்டோபரில் அரசு சாராயத்தைத் தடை செய்தது. 1995இல் முழு மதுவிலக்கு வந்தது, 1997இல் அது தளர்த்தப்பட்டது. இப்போராட்டம் பற்றி சூசி தாருவும் தேஜஸ்வினி நிரஞ்சனாவும் 1994இல் எழுதிய கட்டுரை, ஒவ்வொரு தரப்பும் அப்பெண்களைத் தத்தம் கதையாடலுக்கு ஏற்ப வரைந்துகொண்டதைக் காட்டியது. ஒருவருக்கு அவர்கள் காந்தியப் பெண்கள், இன்னொருவருக்கு வர்க்கப் போராளிகள், மற்றொருவருக்குக் குடும்பத்தைக் காக்கும் தாய்மார்கள். கூலி, விலை, காண்ட்ராக்டர், போலீஸ் என்று அப்பெண்கள் கைவைத்த அதிகார முடிச்சுகள் பின்னுக்குப் போயின.

தமிழகத்தில் மலிவு விலை மது 1991 ஜூலையில் நிறுத்தப்பட்டது. 2003 நவம்பரில் சில்லறை மது விற்பனை முழுவதும் டாஸ்மாக் கைக்கு வந்தது. நெடுஞ்சாலைக் கடைகளை அகற்ற உச்சநீதிமன்றம் 2016 டிசம்பரில் உத்தரவிட்டது. அதன் விளைவாக 2017 ஏப்ரலில் கடைகள் ஊருக்குள் வரத் தொடங்கியபோது பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். ஏப்ரல் 11 அன்று திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் போலீஸ் அதிகாரி ஒருவர் ஒரு பெண்ணைக் கன்னத்தில் அறைந்த காட்சி நாடெங்கும் பரவியது. அறை வாங்கிய பெண்ணை எல்லோரும் பார்த்தார்கள். அவர் என்ன கேட்டு அங்கே நின்றார் என்பதைக் கேட்டவர்கள் குறைவு. பாதிக்கப்பட்டவளின் படம் போராடுகிறவளின் பேச்சை விழுங்கிவிடுகிறது.

எங்கள் நோட்டீஸின் கதைக்கு வருகிறேன். கடை நகர்ந்தது. ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தள்ளி, இன்னொரு குடியிருப்பின் வாசலுக்கு. அங்கேயும் பெண்கள் இருக்கிறார்கள், எங்களைவிட ஏழைகள், சாதியில் கீழே வைக்கப்பட்டவர்கள். 'எங்கள் தெருவில் வேண்டாம்' என்ற கோரிக்கைக்குள்ளேயே 'வேறு யாருடைய தெருவிலாவது இருக்கட்டும்' என்பது ஒளிந்திருக்கிறது. 'தாய்மார்கள்' என்று நான் எழுதிய பன்மைக்குள் அந்தத் தாய்மார்கள் இல்லை. லைட்டு? அது இன்னும் ஒரு வருஷம் கழித்து வந்தது.

3

இதே செங்கல்பட்டில் 1929 பிப்ரவரி 17, 18 தேதிகளில் முதல் மாகாண சுயமரியாதை மாநாடு கூடியது. டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் தலைமை. பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான சொத்துரிமை, எந்தத் தொழிலிலும் ஈடுபடும் உரிமை, துணையைத் தேர்ந்துகொள்ளும் உரிமை, பிரிந்து போகும் உரிமை, பெண்ணின் திருமண வயது பதினாறுக்கு மேல் என்றெல்லாம் அங்கே தீர்மானங்கள் நிறைவேறின. அதே ஆண்டு செப்டம்பரில் நிறைவேறிய சாரதா சட்டம் பெண்ணுக்குப் பதினான்கு வயதோடு நின்றுகொண்டது.

இத்தீர்மானங்களின் மொழியைக் கவனிக்க வேண்டும். கண்ணீர் இல்லை, தாய்மை இல்லை, 'கருணை கூர்ந்து' இல்லை. இன்னின்னது உரிமை என்று சொல்லிவிட்டுப் போகிறது. தாலியையே கேள்விக்குள்ளாக்கிய இயக்கம் அது. தாலி இல்லாத திருமணம் சட்டப்படி செல்லும் என்று தமிழகத்தில் 1967இல் சட்டத் திருத்தமும் வந்தது. அந்த மண்ணில் உட்கார்ந்துகொண்டு அதற்கெல்லாம் பிறகு நான் 'தாலியைக் காப்பாற்று' என்று எழுதுகிறேன் என்றால் இடையில் என்னவோ நடந்திருக்கிறது.

1929ஐப் புனிதப்படுத்த வேண்டியதில்லை. அந்த மேடையும் பெரும்பாலும் ஆண்களின் மேடைதான். பெண்களுக்காகப் பேசுவதற்கும் பெண்கள் பேசுவதற்கும் இடையிலான தூரம் அங்கேயும் இருந்தது. ஆயினும் ஒரு வேறுபாடு முக்கியமானது. அந்தத் தீர்மானங்கள் வீட்டுக்குள் நுழைந்தன. சொத்து, திருமணம், மணவிலக்கு என்று கணவனையும் தகப்பனையும் அண்ணன் தம்பியையும் நோக்கிப் பேசின. இன்றைய பிரச்சாரங்கள் பெரும்பாலும் வாசல்படிக்கு வெளியே நிற்கின்றன. மதுக்கடை, குப்பை, குடிநீர், கொசு. இவையெல்லாம் முக்கியம்தான். ஆனால் எதிரி எப்போதும் வீட்டுக்கு வெளியே இருப்பது யாருக்கு வசதி?

4

சங்கம் 'குழு'வாக மாறியதும் இதில் சேர்த்து யோசிக்க வேண்டிய விஷயம். தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983இல் தொடங்கப்பட்டது. 1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தர்மபுரியில் சுய உதவிக் குழுக்கள் உருவாயின. 1997இல் மகளிர் திட்டமாக அது விரிந்தது. பன்னிரண்டு முதல் இருபது பேர், வாரக் கூட்டம், சேமிப்பு, தீர்மான நோட்டு, வங்கிக் கடன். இதனால் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்கிறவன் பொய் சொல்கிறான். வங்கிப் படியேறாத பெண்கள் ஏறினார்கள். சாயங்காலம் வீட்டை விட்டுப் போக ஒரு நியாயமான காரணம் கிடைத்தது. 1996 முதல் மூன்றில் ஒரு பங்கு இடஒதுக்கீட்டோடு நடந்த உள்ளாட்சித் தேர்தல்களில் நிற்கவும் பேசவும் சிலருக்கு அந்தப் பழக்கம் உதவியது.

ஆனால் குழுவின் அடிப்படை கூட்டுப் பொறுப்பு. ஒருத்தி தவணை கட்டாவிட்டால் மற்றவர்கள் அவள் வாசலில் போய் நிற்க வேண்டும். முன்பு அவள் புருஷன் அடித்தபோது போய் நின்ற அதே பெண்கள். தனியார் நுண்கடன் கம்பெனிகள் வந்தபிறகு இந்த நிற்றலுக்கு மரியாதையும் இல்லாமல் போயிற்று. ஒற்றுமை கண்காணிப்பாக உருமாறும் இடம் இது.

குழுவோடு வந்த இன்னொரு சொல் 'விழிப்புணர்வு'. டெங்கு விழிப்புணர்வு, வாக்காளர் விழிப்புணர்வு, மழைநீர் விழிப்புணர்வு. தொப்பி கொடுத்து, பதாகை கொடுத்து, பழைய மாமல்லபுரம் சாலையில் வரிசையாக நடக்க விடுகிறார்கள். விழிப்புணர்வு என்றால் அவள் தூங்கிக்கொண்டிருக்கிறாள் என்று முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டிருக்கிறது. விடிகாலை நாலு மணிக்கு எழுந்து சமைத்துவிட்டு வேலைக்குப் போகிறவளிடம் சொல்கிறோம், விழித்தெழு என்று. நானும் எத்தனையோ நோட்டீஸில் 'பெண்ணினமே விழித்தெழு' போட்டிருக்கிறேன்.

'பெண்' என்ற ஒற்றை அடையாளம் உடைகிற இடமும் எங்கள் பகுதியில் கண்ணுக்கு நேரே இருக்கிறது. அடுக்குமாடியில் மார்ச் 8 கொண்டாட்டம்: கோலப்போட்டி, சமையல்போட்டி, ஒரே நிறத்தில் புடவை. விழா முடிந்ததும் தட்டுக் கழுவுகிறவர்கள் வேறு லிஃப்ட்டில் இறங்கிப் போகிறார்கள். வீட்டுப் பணியாளர் நல வாரியம் தமிழகத்தில் 2007இல் அமைக்கப்பட்டது. 2018இல் வீட்டு வேலைக்கு மணிக்கு 37 ரூபாயிலிருந்து குறைந்தபட்சக் கூலி அறிவிக்கப்பட்டது. 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் சட்டப்படி வீட்டுப் பணியாளர்கள் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் புகார் தரலாம். இவற்றைச் சொல்லும் ஒரு நோட்டீஸை எந்த மகளிர் தின விழாவிலும் நான் பார்த்ததில்லை. முதலாளியும் பெண்ணாக இருக்கும் இடத்தில் நம் பிரச்சார மொழிக்கு வாய் அடைத்துக்கொள்கிறது.

5

இப்போது தலைப்புக்கு வருகிறேன். 1929இல் செங்கல்பட்டு கேட்ட சொத்துரிமை அறுபது ஆண்டு கழித்து, 1989இல், வாரிசுரிமைச் சட்டத்தின் தமிழ்நாட்டுத் திருத்தமாக வந்தது. பூர்வீகச் சொத்தில் மகளும் மகனைப்போல் பங்குதாரர். ஆனால் அந்த மார்ச் 25க்கு முன்பே கல்யாணமானவர்களுக்கு இல்லை. 2005இல் மத்தியச் சட்டம் அந்த வேறுபாட்டை நீக்கியது. 2020 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம், மகளின் உரிமை பிறப்பால் வருவது, 2005இல் தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று தெளிவுபடுத்தியது.

சட்டம் வந்த அதே ஆண்டுகளில்தான் எங்கள் பக்கத்து நிலத்துக்கு விலை வந்தது. சிறுசேரியில் சிப்காட், சாலையோரம் கம்பெனிகள், நெல் விளைந்த இடத்தில் பதினைந்து மாடி. விற்கிற ஒவ்வொரு பூர்வீக நிலத்துக்கும் வாங்குகிறவனின் வக்கீல் கேட்கிற காகிதம் ஒன்று உண்டு: அக்கா தங்கச்சிகள் கையெழுத்துப் போட்ட விடுதலைப் பத்திரம். தன் பங்கை விட்டுக்கொடுப்பதற்குத் தமிழில் பதிவுத்துறை வைத்திருக்கும் பெயர் விடுதலை. பெண் விடுதலை என்று நாம் மேடையில் பேசிய காலத்தில், சார்பதிவாளர் அலுவலகங்களில் இன்னொரு விடுதலை நடந்துகொண்டிருந்தது. கட்டணச் சலுகையோடு.

ஏன் போடுகிறார்கள்? 'தெரியாமல் போடுகிறார்கள், விழிப்புணர்வு இல்லை' என்பது சோம்பேறித்தனமான பதில். பீனா அகர்வால் 1994இல் வெளிவந்த தம் நூலில் இதை விளக்கியிருக்கிறார். பிறந்த வீட்டின் ஆதரவு ஒரு காப்பீடு. புகுந்த வீட்டில் ஏதாவது ஆனால் போய் நிற்க அண்ணன் தம்பி வேண்டும். அந்த வாசலைத் திறந்து வைத்துக்கொள்வதற்கான விலை பங்கு. அது அறியாமை அல்ல, கணக்கு. மோசமான நிபந்தனைகளுக்குள் போடப்பட்ட சரியான கணக்கு.

எனக்கு இது புத்தகத்தில் படித்துத் தெரிந்ததல்ல. என் அக்காவும் கையெழுத்துப் போட்டார். 1994இல் கல்யாணமானவர். சட்டப்படி அவருக்குப் பங்கு உண்டு என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். நான் கேட்கவில்லை, அம்மா கேட்டார். "பொறந்த வீடுன்னு ஒண்ணு வேணுமில்லடா" என்று சொல்லிவிட்டு அக்கா கைநாட்டு மையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார். அவர் பிள்ளைகளின் கல்யாணத்துக்கு நான் சீர் செய்தேன், நன்றாகவே செய்தேன். அந்த நிலத்தின் பணத்தில் கட்டிய வீட்டில் உட்கார்ந்துதான் இத்தனை வருஷமும் பெண்ணுரிமை நோட்டீஸ் எழுதி வந்திருக்கிறேன், இதையும் எழுதுகிறேன்.

6

சென்ற ஆண்டு ஒரு சங்கக் கூட்டத்தில் விடுதலைப் பத்திரம் பற்றி ஒரு நோட்டீஸ் போடலாமா என்று கேட்டேன். மதுக்கடைக்கு எழும்பிய குரல்கள் எதுவும் எழும்பவில்லை. ஒருவர், "வூட்டுக்கு வூடு சண்ட வரும்" என்றார். இன்னொருவர், "எந்தம்பி அந்த மாதிரி இல்ல" என்றார். பழைய தாலிக் கேள்வி கேட்ட அக்காதான் கடைசியில் கேட்டார்: "எழுதலாம் தம்பி. மொதல்ல நீ ஒங்க அக்காவுக்கு குடுத்தியா?"

பதில் சொல்லவில்லை. இதைக் குற்ற ஒப்புதலாக எழுதி நல்ல பெயர் வாங்கிக்கொள்வது எளிது என்பதும் தெரியும். அதைத் தாண்டி இரண்டு விஷயங்களை விவாதத்துக்கு வைக்கிறேன். ஒன்று, பிரச்சாரத்தின் மொழியை யார் எழுதுகிறார்கள் என்பது நடை பற்றிய கேள்வி அல்ல. எழுதுகிறவனின் நலன் எந்தச் சொல்லைப் பெரிய எழுத்திலும் எதைச் சின்ன எழுத்திலும் போடுகிறது என்கிற கேள்வி. தாலி எனக்கு எந்தச் செலவும் வைக்கவில்லை. பங்கு வைக்கும். இரண்டு, சொத்தைக் கேட்டால் பிறந்த வீடு போய்விடும் என்ற பயத்துக்கு 'உரிமையைக் கேள்' என்ற கோஷம் பதில் ஆகாது. அடிபட்டு வருகிற பெண் அண்ணன் தம்பியை நம்பாமல் போய் நிற்க ஓர் இடம் வேண்டும். சங்கம் அப்படியோர் இடமாக ஆகாதவரை அவள் கணக்கு மாறாது.

இப்போதெல்லாம் அவர்கள் சொல்வதை அப்படியே எழுதிப் படித்துக் காட்டுகிறேன். மாற்ற வேண்டியதை அவர்களே மாற்றுகிறார்கள். பத்திர நோட்டீஸ் இன்னும் எழுதப்படவில்லை. அக்காவிடம் நிலம் என்ன விலைக்குப் போனது என்ற கணக்கை இன்னும் நான் சொல்லவில்லை. முதலில் அதைச் சொல்ல வேண்டும்.