கண்ணீருக்கு முந்தைய கதை

மாற்றுக் கருத்துடையோரிடமும் நட்புப் பாராட்டவேண்டும் என்று மாணவருக்கு உணர்த்த விழையும்போது, நம் பள்ளி மேடைகள் பெரும்பாலும் இராஜாஜி - பெரியார் நட்பையே சான்று காட்டுகின்றன. 1972 டிசம்பரில் இராஜாஜி மறைந்தபோது, 93 வயதுப் பெரியார் சக்கர நாற்காலியில் வந்து கண்ணீர் உகுத்தார். அவை நெகிழ்கிறது, கைதட்டல் எழுகிறது, உரை முடிகிறது. இவ்வாறு சொல்லப்படும் கதை குறையுடையது என்பதே நம் கருத்து.

கண்ணீரைச் சொல்லும் நாம், அதற்கு முந்தைய அரை நூற்றாண்டைச் சொல்வதில்லை. சேலம் நகராட்சிக்கு ஒருவரும் ஈரோடு நகராட்சிக்கு மற்றவரும் தலைவர்களாயிருந்து பொதுப்பணியால் நெருங்கியவர்கள் இவர்கள். வகுப்புவாரி உரிமைக்காகப் பெரியார் 1925இல் காங்கிரசை விட்டு விலகினார். 1938இல் இந்தித் திணிப்பை எதிர்த்த அவரைச் சிறைக்கு அனுப்பியது இராஜாஜியின் அரசே. 1953இல் இராஜாஜி கொணர்ந்த தொடக்கக் கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று கண்டித்துப் பெரியார் கடுமையாகப் போராடினார். இடையே 1949இல், தம் திருமணம் பற்றிக் கலந்துபேச அவர் திருவண்ணாமலையில் நாடிச் சென்றதும் இதே இராஜாஜியைத்தான்.

இப்பூசல்களை மறைத்து நட்பை மட்டும் கற்பித்தால் மாணவர் என்ன கற்பர்? நண்பனிடம் அரசியல் பேசாதிருப்பதே பண்பு என்று கற்பர். அது நாகரிகம் போலத் தோன்றும் அச்சமேயாகும். நண்பர் கொணர்ந்தது என்பதற்காகப் பெரியார் 1953இல் வாய்மூடி இருந்திருந்தால், அந்த நட்பின் விலையை எளியோரின் பிள்ளைகளன்றோ செலுத்தியிருப்பர்? நட்பு எதிர்ப்பைத் தணிக்கவில்லை. எதிர்ப்பும் நட்பை முறிக்கவில்லை. இவ்விரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அது பாடமாகும்.

ஆதலின் ஆசிரியப் பெருமக்கள் முன் ஒரு பயிற்சியை வைக்கிறோம். 1953ஆம் ஆண்டுத் திட்டத்தையே வகுப்பில் எடுத்துக்கொள்ளலாம். பள்ளிகளும் பணமும் போதாத நிலையில் பள்ளி நேரத்தைக் குறைத்து, முறைவைத்து நடத்தினால் மிகுதியான பிள்ளைகள் படிக்கலாம் என்பது இராஜாஜி தரப்பு. எஞ்சிய நேரத்தில் தந்தையின் தொழிலைப் பழகு என்பது சாதியை நிலைநிறுத்தும் என்பது எதிர்த்தரப்பு. ஒவ்வொரு மாணவனும் தான் ஏற்காத தரப்பை, அத்தரப்பினரே 'ஆம், நாங்கள் சொல்வது இதுவே' என்று ஒப்பும்படி முதலில் எடுத்துரைக்கட்டும்; பிறகு மறுக்கட்டும். மறுப்பில் கடுமை இருக்கலாம். இழிசொல்லும் திரிபும் கூடா.

இதனால் எல்லாரும் ஒரே முடிவுக்கு வந்துவிடார், வரவேண்டுவதும் இல்லை. 1954இல் இராஜாஜி பதவி விலகினார். காமராசர் ஆட்சி அத்திட்டத்தைக் கைவிட்டது. வாதத்தில் ஒருவர் தோற்றார். நட்பில் எவரும் தோற்கவில்லை. நம் பிள்ளைகள் தேர்தல் காலத்தில் ஒரே பெஞ்சில் அமர்ந்து படிக்கவேண்டுமாயின், கண்ணீரோடு இந்தப் போரையும் அவர்களுக்குச் சொல்லியாகவேண்டும்.