தூண்டில் விழும் இடம்

சனிக்கிழமை இரவு வாரச் சம்பளம் கைக்கு வந்து, மறுநாள் விடியுமுன்பே தாராபுரத்துக்கும் உடுமலைக்கும் புறப்படும் பேருந்துகளில், மூங்கிற் கழியைக் காலிடுக்கில் நிறுத்திக்கொண்டு அரைத் தூக்கத்தில் அமர்ந்திருக்கும் பனியன் கம்பெனித் தொழிலாளர் சிலரைத் திருப்பூரில் எந்த ஞாயிற்றுக்கிழமையும் காணலாம். அவர்களுள் ஒருவரோடு நானும் சிலமுறை அமராவதிக் கரைக்குச் சென்றிருக்கிறேன். பவர் டேபிளில் தைப்பவர். மண்புழுவை ஈரம் காயாதபடி கட்டிங் வேஸ்ட் துணியில் பொதிந்து வருவார். ஊசியில் நூல் கோத்துப் பழகிய விரல்களாதலால், கண்ணாடி அணியாமலே தங்கூஸை முள்ளில் இரண்டே சுற்றில் முடிந்துவிடுவார். முள்ளும் இரையும் பற்றி அவர் பேசுவதே இல்லை. அவருக்கு எல்லாம் இடம்தான். “எடம் சரியா இருந்தா மீன் தானா வருமுங்க” என்பது அவருடைய சித்தாந்தம்.

அந்தச் சித்தாந்தத்தில் உண்மை நிறைய உண்டு. அமராவதியில் கல்லாபுரம், குமரலிங்கம், கணியூர் முதலிய ஊர்களையொட்டிப் பழைய அணைக்கட்டுகள் இருக்கின்றன. தூண்டிற்காரர் பெரும்பாலும் நாடுவது இவற்றைப் போன்ற கட்டுகளின் அடியையே. மேலிருந்து விழும் நீர் நுரைத்துக் காற்றை விழுங்கிக்கொள்வதாலும், புழுவும் பூச்சியும் அதனோடு அடித்து வரப்படுவதாலும், கோடையில் ஆறு இளைத்துக் கிடக்கும்போதுகூட அங்கே மட்டும் ஒரு மடு தங்குவதாலும், மீனுக்கு அது மூச்சும் சோறும் நிழலும் ஒருங்கே கிடைக்கும் ஸ்தலமாகிறது. ஆயினும் நுரைக்கு நடுவே தூண்டில் போடுபவன் கற்றுக்குட்டி. சீறும் நீருக்கும் அதன் பக்கத்தே சோம்பிச் சுழலும் நீருக்கும் இடையில், தையல் பிரிந்த விளிம்புபோல ஒரு கோடு நெளிந்துகொண்டிருக்கும். சோம்பல் நீரில் உடலை வைத்துக்கொண்டு ஓட்ட நீரில் வரும் இரையைக் கவ்வுவது கெண்டையின் சுபாவமாதலால், தக்கை அந்தக் கோட்டின்மேல் ஆடவேண்டும். இதை அவர் யாரிடமும் பாடமாகக் கேட்டவரல்லர். பல ஆண்டு அனுபவம் கண்ணில் படிந்திருக்கிறது. அமெரிக்காவின் பெரிய ஆறுகளில் பாஸ் என்னும் மீனைத் தேடிப் போகிறவர்கள், ஒலியலையால் அடிநீரைப் படம் பிடிக்கும் கருவியைப் படகில் பொருத்திக்கொண்டு தேடுவதும் ஏறத்தாழ இதே கோட்டைத்தான். நம்மவர் செலவு ஒரு டீயோடு முடிகிறது.

ஆனால் அணையடியில் மீன் மிகுந்திருப்பதற்கு நான் சொன்ன காரணங்களோடு இன்னொன்றும் உண்டு; இடம் பார்க்கும் முறையின் குறை அங்கேதான் தொடங்குகிறது. புதுவெள்ளம் வந்ததும் கெண்டை வகைகள் பல முட்டையிட மேல்நோக்கி ஏறுகின்றன. ஏறி வந்தவை கட்டுச் சுவரில் முட்டி நிற்கின்றன. வளம் என்று நாம் எண்ணி மகிழும் அக்கூட்டம், வழி மறிக்கப்பட்டவர்களின் வரிசையன்றி வேறன்று. இது நம் காலத்துப் புதுக் கண்டுபிடிப்பும் அன்று. காவிரியிலும் கோதாவரியிலும் அணை கட்டிப் புகழ்பெற்ற ஆர்தர் காட்டனே, தம் அணைகள் முட்டையிட ஏறிவரும் மீன்களைத் தடுத்துவிடுமே என்று 1867-இல் அரசாங்கத்துக்கு எடுத்துக்காட்டினார். அதன் விளைவாக ஆராயப் புகுந்த பிரான்சிஸ் டே என்னும் மருத்துவர், 1873-இல் நன்னீர் மீன்வளம் குறித்த விரிவான அறிக்கையைத் தந்தார். கட்டியவருக்கே உறுத்திய விஷயம், அணையின் அடியில் தூண்டில் போடுகிற நமக்கு உறுத்தாமலிருப்பது வேடிக்கைதான். தனியொருவரின் தூண்டிலால் ஆறு வற்றிவிடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இடத்தின் கீர்த்தி பரவியபின் அங்கே ஒருவர் நிற்பதில்லை, நாற்பது பேர் நிற்கிறார்கள், இரண்டொருவர் வலையும் கொணர்கிறார்கள்.

இரண்டாவது குறை இதனினும் நுட்பமானது. மீன் அகப்பட்டதையே இடத்துக்குப் பிரமாணமாகக் கொள்வது இவர்கள் வழக்கம். திருப்பூரில் ஓடும் நொய்யலாற்றையே எடுத்துக்கொள்வோம். பருத்தித் துணியில் சாயம் ஏறுவதற்கு உப்பு ஏராளமாகச் சேர்க்க வேண்டியிருந்ததால், சாயப்பட்டறைகள் வெளியேற்றிய நீர் நிறத்தால் மட்டுமன்றி உப்பாலும் ஆற்றைக் கெடுத்தது. பாசனத்துக்கென 1992-இல் எழுந்த ஒரத்துப்பாளையம் அணை கழிவின் தேக்கமாயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிடும்வரை விவகாரம் வளர்ந்தது. இத்தகைய நீரிலும் ஒருவர் ஜிலேபி மீன் பிடித்துக் காட்டுவாராயின், அதனால் நீர் நன்று என்று ஆகிவிடுமா? 1952-இல் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட அந்த ஆப்பிரிக்க மீன் உப்பையும் பொறுக்கும், மூச்சு முட்டும் நீரையும் பொறுக்கும். விராலோ மேலே வந்து நேரடியாகக் காற்றையே உண்டு பிழைத்துக்கொள்ளும். கெட்ட நீரில் முதலில் மறைவது சாட்சி சொல்லத்தக்க மீன். எஞ்சியிருப்பதோ எதையும் சகித்துக்கொள்ளும் மீன். கூடையின் கனத்தை மட்டும் பார்ப்பவன் சகிப்பைச் சௌக்கியமென்று மயங்குகிறான்.

ஆறுகள் கூடுமிடத்தில் மீன் கூடும் என்ற பழைய விதியும் இவ்வாறே வழுக்குகிறது. பவானியும் காவிரியும் சேரும் கூடுதுறையில் நியாயமாக இருக்கும் அவ்விதி, நொய்யல் காவிரியில் விழும் இடத்துக்கு வரும்போது, கூடுவது எந்த நீர் என்ற கேள்வியின்முன் நின்றுவிடுகிறது. துறையின் பெயர் பாட்டனார் காலத்தது. அதில் ஓடும் நீர் நேற்றையது. இக்காரணத்தால், கரையின் பழம்பெயர் ஒன்றும் அறியாது பீகாரிலிருந்து வந்து சேர்ந்த இளைஞர்கள் சிலர், நீரை மோந்து பார்த்தும், ஓரத்துக் கல்லைப் புரட்டிப் பூச்சி இருக்கிறதா என்று நோக்கியும் இடம் தேர்வதைக் கண்டபோது, பெயரைக் கேட்டுப் பழகிய நம் முறையைவிட அது விவேகமானது என்றே எனக்குப் பட்டது.

இதையெல்லாம் ஒரு ஞாயிறு அமராவதிக் கரையில் அந்தத் தையற்கார நண்பரிடம் சொன்னேன். மேலே அணையிலிருந்து தண்ணீர் திறந்து நான்கு நாள். கட்டின் அடியில் கால் வைக்க இடமில்லை. அவர் பதில் சொல்லாமல் துணிப் பொதியை எடுத்துக்கொண்டு, நாணலை விலக்கியபடி கீழ்நோக்கி வெகுதூரம் நடந்து, மருத வேர்கள் நீரில் இறங்கிய ஒரு கசத்தில் அமர்ந்தார். பொழுது உச்சிக்கு ஏறும்வரை தக்கை மூன்றே முறைதான் அசைந்தது. இரண்டு கெண்டை, ஒன்று வயிறு பருத்திருந்தது, அதைத் திருப்பி நீரில் விட்டார். “வூட்ல கேட்டா உங்க பேரைத்தானுங்க சொல்லோணும்” என்று சிரித்துவிட்டு, மிச்சப் புழுவையும் கரையோரச் சேற்றிலே உதறினார்.