படிவத்துக்குள் போன எலுமிச்சை: ஆய்வுநிதி விண்ணப்பம் என்னும் எழுத்துவகை

கதைக்கு விமர்சனம் உண்டு, கவிதைக்கு உண்டு, சினிமாவுக்குச் சொல்லவே வேண்டாம். ஆனால் நம்ம பக்கத்துக் கல்லூரி ஆசிரியர்கள் ராத்திரி உட்கார்ந்து மாசக்கணக்கில் எழுதுகிற ஒரு உரைநடை இருக்கு. எழுதுகிறவர் ஒருவர். வாசிக்கிறவர்கள் நாலைந்து பேர், அவர்கள் யாரென்று எழுதினவருக்குத் தெரியாது. பெரும்பாலும் நிராகரிக்கப்பட்டு, கணினியில் ஒரு மூலையில் கிடந்துவிடும். மத்திய அரசின் அறிவியல் நிதி அமைப்புகளுக்குப் போகிற ஆய்வுத் திட்ட விண்ணப்பத்தைத்தான் சொல்கிறேன். அதையும் ஒரு பிரதியாக எடுத்து வாசித்துப் பார்க்கலாம் என்பது இந்தக் குறிப்பின் நோக்கம்.

நான் இருப்பது ராயகிரி. மேற்கே மலை, கீழே குளத்துப் பாசனம், பக்கத்திலேயே எலுமிச்சைச் சந்தைக்குப் பேர்போன புளியங்குடி. சுற்று வட்டாரக் கல்லூரிகளில் வேலை பார்க்கும் நண்பர்கள் சிலர், ஆங்கிலத்தைச் சரிபார்த்துத் தரச்சொல்லி விண்ணப்ப வரைவுகளை அனுப்புவார்கள். அதில் ஒன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நண்பர் தாவரவியல் ஆசிரியர். அவருக்கு வந்த கேள்வி ஒரு விவசாயி கேட்டது: "சார், நல்லா காய்ச்சுக்கிட்டு இருந்த மரம் திடீர்னு நுனியில இருந்து காய ஆரம்பிச்சு, ரெண்டே வருஷத்துல பட்டுப்போகுது. பக்கத்துத் தோட்டத்துல நல்லா நிக்குது. ஏன்?"

நல்ல கேள்வி. பதில் சுலபமில்லை. எலுமிச்சை வகைகளில் ட்ரிஸ்டெசா வைரஸ் இருக்கு, அதை அசுவினிப் பூச்சி பரப்பும். கிரீனிங் நோய் இருக்கு, அதைப் பரப்புவது வேறொரு சிறு பூச்சி. வேரழுகல் இருக்கலாம், நூற்புழு இருக்கலாம், தண்ணீர் வடியாத மண்ணாக இருக்கலாம், நுண்ணூட்டச் சத்துக் குறைவாகவும் இருக்கலாம். இதில் ரெண்டு மூணு சேர்ந்தும் வரலாம். இங்கே எது என்று தெரியணும்னா தோட்டம் தோட்டமாக நடக்கணும். இருநூறு மரத்துக்கு எண் போட்டு, மூணு வருஷம் மாசாமாசம் பார்த்து எழுதணும். மண், வேர், இலை மாதிரி எடுத்து வெளியே ஆய்வகத்துக்கு அனுப்பணும். இதுதான் அவர் மனசில் இருந்த ஆய்வு.

ஆனால் எனக்கு வந்த வரைவின் தலைப்பு வேறு. எலுமிச்சை இலைச் சாற்றைக் கொண்டு வெள்ளி நானோ துகள் தயாரித்து, அது சில பாக்டீரியாக்களைக் கொல்லுமா என்று பார்ப்பது. மரம் பட்டுப்போன கதை முன்னுரையில் ஒரே வரி. விவசாயியைக் காணோம். தோட்டத்தையும் காணோம். எலுமிச்சை மட்டும் இலையாக, சாறாக உள்ளே வந்து சேர்ந்திருக்கு.

"ஏன் சார் மாத்துனீங்க?" என்று கேட்டேன். "அதுக்குத்தான் காசு வரும்னு சொல்றாங்க" என்றார்.

நானோ துகள் ஆய்வைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. அதில் நல்லதும் உண்டு. அவருடைய கேள்வி படிவத்துக்குள் நுழையும்போது ஏன் உருமாறியது என்பதுதான் எனக்குப் பிரச்சினை.

தலைப்புகள் என்ன கேட்கின்றன

2008-ல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவான அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியம், அதாவது செர்ப், பல வருஷம் பயன்படுத்திய படிவத்தின் வரிசை பல ஆசிரியர்களுக்கு மனப்பாடம். திட்டத்தின் தோற்றுவாய். ஆய்வின் இன்றைய நிலை: சர்வதேச அளவில், தேசிய அளவில். அந்தப் பின்னணியில் இந்தத் திட்டத்தின் முக்கியத்துவம். வேலைத் திட்டம், வழிமுறை. எந்தக் காலாண்டில் எந்த மைல்கல். முடிவுகளை எப்படிப் பயன்படுத்தப் போகிறீர்கள். உங்கள் நிபுணத்துவம். உங்கள் நிறுவனம் தரும் வசதிகள். பிறகு வரவு செலவு, நிறுவனத் தலைவரின் ஒப்புதல் சான்று, உறுதிமொழிகள்.

இதை ஒரு கதையின் அமைப்பாகப் பாருங்க. கதாநாயகன் ஏற்கெனவே பலசாலி. எதிரி யார் என்று முதல் அத்தியாயத்திலேயே தெரியும். எந்த மாசம் ஜெயிப்பான் என்று அட்டவணையே இருக்கு. ஆய்வு என்பது தெரியாததைத் தேடிப் போவது. விண்ணப்பமோ, தெரியாதது எப்போது தெரியவரும் என்று முன்கூட்டியே சொல்லச் சொல்கிறது. நானோ துகள் திட்டம் இந்த அமைப்புக்குக் கச்சிதமாகப் பொருந்தும்: முதல் ஆறு மாசம் தயாரிப்பு, அடுத்த ஆறு மாசம் பண்பறிதல், அப்புறம் சோதனை, அப்புறம் கட்டுரை. மரம் பட்டுப்போகும் கதைக்கு அப்படி மைல்கல் போட முடியாது. மழை பொய்த்தால் ஒரு வருஷம் போச்சு.

எனக்கு அதைவிட உறுத்துவது நிலவரப் பகுதி. சர்வதேச நிலை கேட்கிறார்கள். ஃப்ளோரிடாவில் 2005-ல் கிரீனிங் நோய் கண்டறியப்பட்ட பிறகு அங்கே ஆரஞ்சுத் தோட்டங்கள் அழிந்த கதையை எழுதலாம், கட்டுரைகள் ஏராளம். தேசிய நிலை கேட்கிறார்கள்; நாக்பூரில் உள்ள மத்திய சிட்ரஸ் ஆராய்ச்சி நிறுவனத்தின் வேலைகளை எழுதலாம். மூணாவதாக, உள்ளூர் நிலை என்று ஒரு தலைப்பு கிடையாது. ராயகிரி பக்கம் எத்தனை மரம் நிற்கிறது, எத்தனை போச்சு, விவசாயி என்ன மருந்து அடித்துப் பார்த்தார் என்பதை எழுத அந்தப் படிவத்தில் தனியாக ஒரு பெட்டி இல்லை. இது எந்த ஆய்விதழிலும் வராத தகவல். ஆனால் ஆய்வுக்குக் காரணமே அதுதான்.

காசு யாருக்குப் போகிறது

நிபுணத்துவம், வசதி என்ற இரண்டு தலைப்புகளையும் சேர்த்து வாசித்தால் இன்னொன்று புரியும். ஏற்கெனவே கட்டுரைகள் உள்ளவர், ஏற்கெனவே கருவிகள் உள்ள இடம், இவர்களுக்கு அந்தப் பக்கங்கள் தானாக நிரம்பும். சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1968-ல் இதற்கு மத்தேயு விளைவு என்று பேர் வைத்தார். ஏற்கெனவே பெயர் பெற்ற விஞ்ஞானிக்கே மேலும் மேலும் பெயர் சேரும் என்பது அதன் சாரம். நம்ம ஊரில் சொன்னால், ஏற்கெனவே தண்ணி கிடக்கிற கிணற்றுப் பக்கமே வாய்க்கால் வெட்டுவது.

2023-ல் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை, சுருக்கமாக ஏ.என்.ஆர்.எஃப்., உருவாக்கப்பட்டபோது மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறைத் தரப்பிலேயே ஒரு கணக்கு சொல்லப்பட்டது: ஆய்வு நிதியில் சுமார் 65 சதவீதம் ஐ.ஐ.டி.களுக்குப் போகிறது, ஆய்வாளர் எண்ணிக்கை அதிகமுள்ள, முந்நூறு சொச்சம் மாநிலப் பல்கலைக்கழகங்களுக்குப் போவது 11 சதவீதம். மொத்தத் தொகையும் பெரிதில்லை. 2020-21 கணக்குப்படி நாடு ஆராய்ச்சிக்குச் செலவிட்டது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம்.

இதை மாற்றத்தான் புது அமைப்பு என்றார்கள். 2024 பிப்ரவரியில் சட்டம் நடைமுறைக்கு வந்து, செர்ப் அதற்குள் கரைந்தது. 2023 முதல் 2028 வரை 50,000 கோடி ரூபாய் இலக்கு. அதில் 36,000 கோடி அரசுக்கு வெளியே இருந்து வரும் என்ற எதிர்பார்ப்பு. மாநிலப் பல்கலைக்கழகங்கள், கல்லூரிகளுக்கென்றே செர்ப் 2022-ல் 'ஷ்யூர்' என்ற திட்டத்தைத் தொடங்கியிருந்தது. ஏ.என்.ஆர்.எஃப். வந்த பிறகு 'பேர்' என்ற திட்டத்தில், பெரிய நிறுவனம் ஒன்று சக்கரத்தின் குடமாகவும் சிறிய நிறுவனங்கள் ஆரக்கால்களாகவும் சேர்கின்றன. நல்ல முயற்சிகள்தான். ஆனால் ஆரக்கால் ஆவதற்கும் தரவரிசையில் இடம் வேண்டியிருக்கு. அபிஷேகப்பட்டியில் இருக்கிற மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் போன்ற ஒன்று அந்த வரிசையில் நிற்கலாம். அதனுடன் இணைந்த, சங்கரன்கோவில் பக்கத்து ஒரு கலை அறிவியல் கல்லூரி எங்கே நிற்கும்?

வரவு செலவையும் ஒரு பார்வை பார்ப்போம். 2023 முதல் இளநிலை ஆய்வாளருக்கு மாசம் 37,000 ரூபாய், மூணாவது வருஷம் முதுநிலை ஆய்வாளராக உயர்ந்தால் 42,000. மூணு வருஷத்துக்கு ஒரே ஒரு ஆள் வைத்தால், வீட்டு வாடகைப்படி சேர்க்காமலே 13,92,000 ரூபாய். முப்பது லட்ச ரூபாய்த் திட்டம் என்றால் கிட்டத்தட்டப் பாதி. இதை நான் வீண் செலவாகச் சொல்லவில்லை. நம்ம பக்கத்தில் எம்.எஸ்ஸி. முடித்த ஒரு பெண், ஊரை விட்டுப் போகாமல் மூணு வருஷம் ஆய்வு செய்ய வழி இது ஒன்றுதான். அதனால்தான் ஒரு விண்ணப்பம் நிராகரிக்கப்படுவது ஆசிரியரோடு முடிகிற விஷயமில்லை. அவர் வரைவில் பெயரில்லாமல் 'ஆய்வாளர் ஒருவர்' என்று எழுதியிருப்பாரே, அந்த ஒருவருடைய வாழ்க்கையும் அதில் இருக்கு.

படிவத்தின் பக்கமும் நியாயம் உண்டு

படிவமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். இது வரிப்பணம். கேள்வி கேட்டுத்தான் கொடுக்கணும். அதோடு, படிவம் சில நேரம் நல்ல வாத்தியார். என் நண்பரிடம் முதலில் இருந்தது பட்டுப்போகும் மரங்களின் பட்டியல் மட்டும். வழிமுறை என்ற தலைப்பை நிரப்ப உட்கார்ந்தபோதுதான், நன்றாக நிற்கும் மரங்களையும் அதே அளவு கவனமாகப் பதிவு செய்யணும், இல்லையென்றால் ஒப்பிட ஒன்றுமே இருக்காது என்பது அவருக்கு உறைத்தது. அந்த ஒரு திருத்தத்துக்காகவே படிவத்துக்கு நன்றி சொல்லலாம்.

ஆனால் இந்த வேலைக்கு ஆகும் நேரம், கிடைக்கும் பலன் இரண்டையும் நிறுத்துப் பார்க்கணும். ஆஸ்திரேலியாவில் 2012-ல் ஒரே ஒரு மருத்துவ ஆய்வு நிதிச் சுற்றுக்கு 3,727 விண்ணப்பங்கள் போயின. அவற்றைத் தயாரிக்க ஆய்வாளர்கள் செலவிட்ட நேரத்தைக் கூட்டினால் சுமார் 550 மனித வேலை ஆண்டுகள் என்று கணக்கிட்டார்கள். நிதி கிடைத்தது ஐந்தில் ஒரு பங்குக்குத்தான். தேர்வு எவ்வளவு துல்லியம்? அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களுக்கு வந்த 25 விண்ணப்பங்களை 43 மதிப்பீட்டாளர்களிடம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2018-ல் வெளியானது. ஒரே விண்ணப்பத்துக்கு ஒருவர் கொடுத்த மதிப்பெண்ணுக்கும் இன்னொருவர் கொடுத்ததற்கும் ஏறக்குறைய ஒட்டுறவே இல்லை. நியாயமாகச் சொல்வதென்றால், அந்த இருபத்தைந்தும் முன்போ பின்போ நிதி பெற்ற நல்ல விண்ணப்பங்கள். அதனால் அந்த ஆய்வு சொல்வது இவ்வளவுதான்: மோசமானதைக் கழிக்க மதிப்பீடு உதவலாம், நல்லவற்றுக்குள் எது மேல் என்று சொல்வது அதற்குக் கஷ்டம்.

இதை ஏற்றுக்கொண்ட நாடுகளும் உண்டு. நியூசிலாந்தின் சுகாதார ஆராய்ச்சிக் கழகம் 2013 முதல் ஒரு வகை நிதிக்கு, தகுதி பார்த்த பிறகு குலுக்கல் போடுகிறது. பிரிட்டிஷ் அகாடமி 2022-ல் தன் சிறு நிதிகளுக்கு அதே மாதிரி ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். நம்ம ஊரில் குடவோலை முறையைப் பெருமையாகப் பேசுகிறோமே, அதுவும் முதலில் தகுதி, பிறகு குலுக்கல்தானே.

என்ன மாற்றலாம்

முதலில் இரண்டே பக்கம் கேளுங்கள். கேள்வி நன்றாக இருந்தால் முழு விண்ணப்பம் கேட்கலாம். சர்வதேசம், தேசியம் இரண்டுக்கும் கீழே உள்ளூர் நிலை என்று ஒரு தலைப்பு சேருங்கள். அங்கே ஆய்விதழ் மேற்கோள் கட்டாயம் வேண்டாம், களக்குறிப்பு போதும். நிராகரித்தால், மதிப்பீட்டாளர் எழுதியதை முழுசாகத் திருப்பி அனுப்புங்கள். பேராசிரியர்கள் நிறைந்த துறையில் வரைவைப் படித்துத் திருத்த அடுத்த அறையிலேயே ஆள் உண்டு. இங்கே அந்த மதிப்பீட்டுக் குறிப்பு ஒன்றுதான் ஆசிரியருக்குக் கிடைக்கும் பாடம். 1984-ல் தொடங்கிய தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் திட்டங்களுக்குச் சில ஆயிரம் ரூபாய் தருகிறது. அந்தச் சில ஆயிரத்துக்கும் முப்பது லட்சத்துக்கும் நடுவே, ஒரு வருஷம் தோட்டம் சுற்ற பெட்ரோலும் மாதிரி அனுப்பச் செலவும் தருகிற ஒரு படி வேணும். அந்த ஒரு வருஷக் குறிப்பேடே பெரிய விண்ணப்பத்துக்கு அஸ்திவாரம் ஆகும்.

எழுதுகிறவர்களுக்கும் ஒன்று சொல்லணும். தோற்றுவாய் என்ற தலைப்பு இருக்கே, அது நம்ம கையில் இருக்கிற கதவு. அங்கேயும் போய் 'சமீப காலங்களில் உலகெங்கும்' என்று ஆரம்பிக்காதீங்க. அப்படி ஆரம்பிக்கும் நூறு விண்ணப்பங்களை அந்த மதிப்பீட்டாளர் படித்துச் சலித்திருப்பார். மரம் எந்த ஊரில் பட்டுப்போச்சு, யார் கவனிச்சது, எத்தனை மரம், எந்த வருஷம் என்று முதல் பத்தியிலேயே எழுதுங்க. ஃப்ளோரிடாக்காரர் எழுத முடியாத பத்தி அது.

நண்பர் இரண்டாவது வரைவில் அப்படித்தான் எழுதியிருக்கிறார். நானோ துகள் போய்விட்டது. மைல்கல் அட்டவணையில் 'மழையைப் பொறுத்து' என்று ஒரு கட்டத்தில் போட்டிருந்தார். அதை எடுத்துவிடச் சொல்லி அவருடைய துறையில் சிலர் சொன்னார்களாம். ஆங்கிலத்தை மட்டும் சரிசெய்துவிட்டு, அதை அப்படியே விட்டுவிடச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.