சூடம் அணைந்த பிறகு

இலங்கை மலையகத்தில் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு பிள்ளை தன் கையைத் தானே கீறிக்கொண்டது தெரியவந்தால் முதலில் விழுவது திட்டு. அடுத்தது சத்தியம். "இனிமே செய்ய மாட்டேன்னு அம்மா தலையில கைய வச்சுச் சொல்லு." அம்மா குவைத்திலோ சவூதியிலோ வீட்டு வேலையில் இருந்தால் அம்மாயி தலையில். இன்னும் கெட்டியாக வேண்டுமென்றால் மாரியம்மன் முன்னால் சூடம் ஏற்றி. பிள்ளை அழுதுகொண்டே சொல்லும். பேச்சு அதோடு முடியும்.

இதைப் பத்தாம்பசலித்தனம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. அமெரிக்க மருத்துவர்களும் இதையேதான் செய்தார்கள். உயிரை மாய்த்துக்கொள்ள மாட்டேன் என்று நோயாளியின் வாயாலேயே சொல்லவைக்கும் முறையை டிரையும் கோல்டிங் தம்பதியரும் 1973இல் எழுதினார்கள். பிறகு அது கையெழுத்து வாங்கும் ஒப்பந்தமாகிப் பல ஆஸ்பத்திரிகளுக்குப் பரவியது. அது உயிரைக் காக்கிறது என்பதற்கு உறுதியான சான்று இன்றுவரை இல்லை. நோயாளியின் வேதனையைவிட மருத்துவரின் பயத்தைத்தான் அந்தக் காகிதம் தணிக்கிறது என்றார்கள் விமர்சகர்கள். சூடத்துக்கும் அது பொருந்தும்.

ஆனாலும் சத்தியத்தில் ஒரு பலம் உண்டு. தலையில் கை வைக்கச் சொல்லும் தாய், 'உனக்கு ஒன்று என்றால் எனக்கும்தான்' என்று சொல்லிவிடுகிறாள். தான் இல்லாவிட்டால் யாருக்கும் ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அது சின்ன விஷயமல்ல. தன்னைத் தானே காயப்படுத்துவோருக்கான சிகிச்சை முறை ஒன்றை உருவாக்கிய மார்ஷா லினஹன், தானும் பதின்பருவத்தில் அப்படி இருந்தவள்தான் என்று 2011இல் வெளிப்படையாகச் சொன்னார். இந்த நரகத்திலிருந்து வெளியேறினால் மற்றவர்களையும் மீட்க வருவேன் என்று அவர் கடவுளிடம் நேர்ந்துகொண்டிருந்தாராம். அது அவராகச் செய்த சத்தியம். யாரும் அவரிடம் வாங்கியதல்ல.

வாங்கப்படும் சத்தியம் வேறு மாதிரி வேலை செய்கிறது. உளவியலாளர்கள் மேத்யூ நாக், மிட்செல் பிரின்ஸ்டைன் இருவரும் 2004இல் விளக்கியபடி, பலர் தம்மைக் காயப்படுத்துவது சாவதற்காக அல்ல. தாங்க முடியாத உணர்ச்சி சற்று அடங்க, மரத்துப்போன மனதில் ஏதாவது உணர, ஒரு நெருக்கடியிலிருந்து தப்ப, அல்லது வாயால் சொல்ல முடியாததைச் சொல்ல. தன்னைத் தண்டித்துக்கொள்வதும் இதில் உண்டு. இப்போது சத்தியம் செய்த பிள்ளை மறுபடி கீறிக்கொள்கிறது என்று வையுங்கள். மறைக்க வேண்டியது இரண்டாகிவிடும்: காயம் ஒன்று, உடைந்த சத்தியம் ஒன்று. அடுத்த வாரம் அம்மா காய்ச்சலில் படுத்தால் அது தன்னால்தான் என்று பிள்ளை நம்பும். அந்தக் குற்ற உணர்வே அடுத்த கீறலுக்குக் காரணமாகும். மறைக்கவோ இதைவிட வசதியான ஊர் கிடையாது. இந்தக் குளிரில் வருஷம் முழுக்க ஸ்வெட்டர் போட்ட பிள்ளையின் கையை யார் பார்க்கப்போகிறார்கள்? ஆனால் தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் தனியாக அழக்கூட இடமில்லை. விசும்பினால் பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்கும்.

இதே ஊரில் திருவிழாவில் அலகு குத்தியவரைக் கையெடுத்துக் கும்பிடுகிறோம். சடங்கில் வரும் வலியையும் தனிமையில் வரும் காயத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று மனநல மருத்துவர் அர்மாண்டோ ஃபவாஸா 1987இலேயே எழுதினார். அலகு குத்தியவரைச் சுற்றி ஊரே நிற்கிறது. பிள்ளையைச் சுற்றி யாருமில்லை.

பிள்ளை 'நடிக்குது' என்று சொல்லித் தள்ளுவதும் தவறு. சாகும் எண்ணமில்லாத காயம் என்றாலும், திரும்பத் திரும்ப நடந்தால் பின்னாளில் உயிருக்கே ஆபத்து கூடுகிறது. இலங்கையில் 1995இல் இலட்சத்துக்கு 47 பேர் அளவில் இருந்த தற்கொலை வீதம் அடுத்த இருபது ஆண்டுகளில் பெருமளவு சரிந்தது. கொடிய பூச்சிமருந்துகளைத் தடைசெய்தது அதற்கு முக்கிய காரணம். யாரிடமும் சத்தியம் வாங்கி அது நடக்கவில்லை. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டமும் 1998இல் நீங்கிவிட்டது. ஆனால் 'பொலிஸ் கேஸாகிடும்' என்ற பயம் லயத்தை விட்டு இன்னும் போகவில்லை. காயத்தோடு டிஸ்பென்சரிக்குப் போகத் தயங்குவது அதனால்தான். அங்கே திட்டாமல் மருந்து கட்டிவிடும் ஒருவர் இருந்தாலே பாதி கதவு திறந்த மாதிரி.

அந்தக் கையெழுத்து ஒப்பந்தத்துக்குப் பதிலாக ஸ்டான்லி, பிரவுன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு பாதுகாப்புத் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். மனம் கொதிக்கத் தொடங்கும் அறிகுறி என்ன, அப்போது எங்கே போவது, யாரிடம் பேசுவது, ஆபத்தானதை எப்படி எட்டாமல் வைப்பது என்று பிள்ளையோடு சேர்ந்து எழுதும் ஒரு தாள். தாளோடு விடாமல் தொலைபேசியில் பின்தொடர்ந்தபோது, அடுத்த ஆறு மாதத்தில் தற்கொலை சார்ந்த செயல்கள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்ததாக 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. நம் தாளில் பாடசாலையின் ஆலோசனை ஆசிரியை, பிள்ளை மடுவத்து (குழந்தைகள் காப்பகத்து) ஆயம்மா, தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கம் எல்லாம் வரலாம். நுவரெலியா ஆஸ்பத்திரியும் வரத்தான் வேண்டும். ஆனால் கூடப் போகும் தாய்க்கு ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போகும். அங்கே தமிழில் மனம் விட்டுப் பேச ஆள் கிடைக்க வேண்டும். இந்த இரண்டையும் கணக்கில் எடுக்காத அறிவுரை லயத்துக்கு உதவாது.

சத்தியம் இல்லாமல் முடியாது என்கிறவர்கள் ஆளை மாற்றிப் பார்க்கலாம். பிள்ளை தலையில் தாய் கை வைக்கட்டும்: "மறுபடி தோணுச்சுன்னா என்கிட்ட சொல்லு. திட்ட மாட்டேன், அடிக்க மாட்டேன், லயம் பூரா சொல்ல மாட்டேன்." காப்பாற்றுவதற்குப் பிள்ளையின் சத்தியத்தைவிட இது கஷ்டமானது. ராத்திரி தண்ணி போட்டுவிட்டு வரும் அப்பாவும் இதில் சேர வேண்டியிருக்கும்.